அம்மாவுக்கு 62, எனக்கு 37: டோனரின் வயதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாதவை

எனக்குள் இப்போது வேலை செய்வது என் அம்மாவின் இடது கிட்னி. கொடுத்தபோது அவருக்கு வயது 62, எனக்கு 37. இந்த இரண்டு எண்களையும் கேட்டதும் முகம் மாறியவர்கள் நிறையப் பேர். "வயசானவங்க கிட்னி எத்தனை நாளைக்குப்பா தாங்கும்?" என்று சித்தப்பா கேட்டார், டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார். ஒரு மருத்துவமனையில் அம்மாவைப் பரிசோதிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அது என் கைக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் போன பணமும் உடம்பும் கொஞ்சமில்லை. இதே கேள்வியோடு இன்று உட்கார்ந்திருக்கும் யாருக்காவது அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் டாக்டர்கள் பொறுமையாக விளக்கியதையும், அதை என் ரிப்போர்ட்டுகளோடு வைத்துப் புரிந்துகொண்டதையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. சிறுநீரில் நுரை போவதை ரொம்ப நாளாகப் பார்த்திருந்தாலும், வலி இல்லாத ஒன்றை யார் நோயாக நினைப்பார்கள்? தலைவலிக்காகப் போன இடத்தில் ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டியிருந்தது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 4-ஐத் தாண்டியிருந்தது. பயாப்ஸி எடுத்தபோது ஐ.ஜி.ஏ. நெப்ரோபதி என்றார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் நம் உடம்பின் எதிர்ப்புப் புரதமே படிந்து மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடும் நோய். சில மாதங்களிலேயே டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டு டயாலிசிஸ் தொடங்கியது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்த நாள் அவ்வளவுதான், சுருண்டு படுத்துவிடுவேன். மில்லில் நல்ல மனிதர்கள், வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. டயாலிசிஸுக்கும், ரத்தம் ஊற ஊசிக்கும், போக்குவரத்துக்கும் சேர்த்து மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போனது. ஒரு வாய் தண்ணீரைக்கூட அளந்து குடிக்கும் வாழ்க்கையை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்க முடியாது. கோபம் வரும், யார் மீது என்று தெரியாது.

டோனர் யார் என்ற பேச்சு வந்தது. அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, அதனால் அவர் பெயர் முதலிலேயே அடிபட்டுவிட்டது. மனைவி "நான் தர்றேன்" என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். அவள் பி, நான் ஓ. ரத்த வகை பொருந்தாமலும் மாற்று செய்யலாம், ஆனால் என் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் குறைக்கக் கூடுதல் சிகிச்சை வேண்டும், செலவு சில லட்சம் ஏறும், தொற்று அபாயமும் கூடும் என்றார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். திருப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, வயது 31, கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. அப்புறம் அம்மா. இருவரும் ஓ.

ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கோஆர்டினேட்டர் படிவத்தில் அம்மாவின் பிறந்த தேதியைப் பார்த்தார். "அறுபதுக்கு மேல நாங்க எடுக்கிறதில்ல சார், தம்பியைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு வயசாயிருச்சுன்னா கிட்னிக்கும் வயசாயிருச்சா?" என்று கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். கேள்வியில் பாதி நியாயம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கிட்னிக்கும் வயதாகும்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஆகாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது. மேல்வரம்பு எதையும் அது வைக்கவில்லை. 2011-இல் திருத்தம் செய்தபோது தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும் நெருங்கிய உறவினர் பட்டியலில் சேர்த்தார்கள் என்றால், முதியவர் கொடுப்பதைச் சட்டமே எதிர்பார்க்கிறது என்றுதானே பொருள்? அதே திருத்தத்தில்தான் ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் டோனரை மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. ஆகவே அறுபது, அறுபத்தைந்து என்பதெல்லாம் அந்தந்த மருத்துவமனை தனக்கென்று வைத்துக்கொண்ட விதி. அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கலாம். உங்களுக்கு "இல்லை" என்று சொன்னால், இது சட்டமா, உங்கள் வழக்கமா, அல்லது இவரைப் பரிசோதித்துச் சொல்கிறீர்களா என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது பதில் வராதவரை அது முடிவான பதில் இல்லை.

தம்பி பரிசோதனைகளுக்கு வந்தான். திசுப் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. டைப்பிங், என் ரத்தம் அவன் செல்களைத் தாக்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், கிட்னியின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ என்று எனக்கும் அவனுக்குமாக ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினோம். ரிப்போர்ட் எல்லாம் நன்றாக வந்தது. அப்புறம் அவன் மாமனார் வீட்டில் பயந்துவிட்டார்கள். "குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் பார்ப்பா?" என்று அவன் மனைவி அழுதிருக்கிறாள். தம்பி போனை எடுப்பது குறைந்தது. அந்த நாட்களில் எனக்கு அவர்கள் மேல் வந்த வெறுப்பை மறைக்க விரும்பவில்லை. இரவெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவன் வந்து, "அண்ணே, நான் தர்றேண்ணே, கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது. அதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. டோனர் இதய சுத்தியோடு, யாருடைய நெருக்கடியும் இல்லாமல் சம்மதிக்க வேண்டும். அனுமதிக்கு முன் நடக்கும் நேர்காணலில் இதைத் தனியாகக் கேட்பார்கள், வீடியோவிலும் பதிவாகும். அதற்கு முன்னாலேயே வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான பட்டியலில் பதிந்தோம். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 2008-இல் அரசாணையோடு முறைப்பட்டது. அந்த ஆண்டு விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் பெற்றோர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்ததை ஊரே பேசியது நினைவிருக்கும். நாட்டிலேயே நன்றாக நடக்கும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. அப்படியும் கிட்னிக்காகக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில். ஓ வகைக்காரர் ஓ வகையிலிருந்து மட்டுமே வாங்க முடியும் என்பதால் எங்கள் வரிசை மெதுவாகத்தான் நகரும்.

ஒரு ராத்திரி போன் வந்தது. டோனருக்கு அறுபதைத் தாண்டிய வயது, பல வருடமாக ரத்த அழுத்தம், மூளையில் ரத்தக்கசிவால் இறப்பு, கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று சிறிது நேரத்தில் சொல்ல வேண்டும். அன்று பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் போனிலேயே எனக்குப் பாடம் எடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அமெரிக்காவில் 2002-லேயே இப்படிப்பட்ட கிட்னிகளுக்குத் தனி வரையறை வைத்தார்களாம். டோனருக்கு 60 அல்லது அதற்கு மேல் வயது, அல்லது 50-இலிருந்து 59-க்குள் இருந்து ரத்த அழுத்தம், 1.5-க்கு மேல் கிரியேட்டினின், பக்கவாதத்தால் இறப்பு என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அது விரிவாக்கப்பட்ட தகுதி வகை. அந்தக் கிட்னிகள் செயலிழக்கும் அபாயம், குறையில்லாத இளம் டோனரின் கிட்னியைவிட 70 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்று கணக்கிட்டுத்தான் அந்தக் கோட்டைப் போட்டார்கள். "அது வேஸ்ட் இல்ல சார். அறுபது வயசு சர்க்கரை நோயாளி ஒருத்தர் டயாலிசிஸ்ல இன்னும் நாலஞ்சு வருஷம் காத்திருக்கணும்னா, இந்தக் கிட்னி அவருக்கு வாழ்வு. உங்களுக்கு முப்பத்தேழு. வீட்டுல டோனர் இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மாவைச் சொன்னேன். "அம்மாவோட ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுதுங்கற அளவு, எவ்வளவு?"

யாரும் பார்க்கவில்லை என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தக் கிட்னியை வேண்டாம் என்று சொன்னோம், அது பட்டியலில் அடுத்தவருக்குப் போனது. போனை வைத்த பிறகு எனக்கு வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம். இத்தனை மாதம் பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோமே என்று.

அந்த டாக்டர் சொன்ன வேறொரு ஊர் மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அங்கே இருந்த மூத்த சிறுநீரக மருத்துவர்தான் எல்லாவற்றையும் உட்காரவைத்து விளக்கியவர். ஒரு கிட்னியில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான், அதாவது நுண்ணிய வடிகட்டி, இருக்கும். பிறக்கும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது, சிலருக்கு அதில் பாதிகூட இருக்காது, சிலருக்கு இரண்டு மடங்கு. புதிதாக ஒன்றுகூட முளைக்காது. நாற்பது வயதுக்கு மேல் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிலிட்டர் வீதம் குறையும். இது சராசரிதான். சர்க்கரை, அழுத்தம், பருமன், புகை இருந்தால் வேகம் கூடும், எதுவும் இல்லாதவர்களுக்கு மிக மெதுவாகத்தான் குறையும். ஆக 62 வயது என்பது சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவே. சந்தேகத்தைத் தீர்க்க அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அம்மாவின் கிரியேட்டினின் 0.7. கேட்டதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஐம்பது கிலோகூட இல்லாத வயதான பெண்மணிக்குத் தசை குறைவு, அதனால் கிட்னி சுமாராக இருந்தாலும் எண் அழகாக வரும். கணக்குப் போட்டுச் சொல்லும் ஜி.எஃப்.ஆரை நம்பி முதியவரை டோனராக எடுக்கக் கூடாது என்று டி.டி.பி.ஏ. ஸ்கேன் எழுதினார். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வடிகட்டுகின்றன என்று பார்க்கும் பரிசோதனை அது. இதற்கு ஆன செலவு சில ஆயிரங்கள்தான். நான் இழந்த வருடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. உங்கள் டோனருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தால், லட்சக்கணக்கில் டைப்பிங்குக்கும் ஆஞ்சியோவுக்கும் கட்டும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், இந்த ஸ்கேன் ஆகிய நான்கையும் முதலில் முடித்துவிடுங்கள். தேறாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், பணம் மிஞ்சும்.

அம்மாவுக்கு மொத்தம் 84 வந்தது. வலது 43, இடது 41. உலகளவில் பின்பற்றும் கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சிறுநீரக மருத்துவ அமைப்பின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 90-க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம், 60-க்குக் கீழே கூடவே கூடாது, இடைப்பட்டதில் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை. 62 வயதில் 84 நல்ல எண்தான் என்றார். ஆனால் கொடுக்கும் கிட்னி எப்போதும் சற்றுக் குறைந்ததாகத்தான் இருக்கும், நல்லதை டோனருக்கே விட்டுவைப்பதுதான் நியதி என்றும் சொன்னார். அதில் எனக்கு முழு ஒப்புதல்.

பிறகு நான் கேட்டேன்: தம்பி கிட்னியா, அம்மா கிட்னியா, எது ரொம்ப நாள் உழைக்கும்? சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். மற்றதெல்லாம் சமமாக இருந்தால் 31 வயதுக் கிட்னிதான் நீண்ட நாள் உழைக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். வயதான கிட்னியில் நெஃப்ரான் இருப்பு குறைவு. உடம்பு புதுக் கிட்னியை அந்நியமாக நினைத்துத் தாக்கும் நிராகரிப்பு ஒன்று வந்துபோனால் இளம் கிட்னி தேறிக்கொள்ளும், முதிய கிட்னிக்கு அந்தச் சேதம் அப்படியே தங்கும். உங்கள் உடம்பு எழுபது கிலோவுக்கு மேல், அம்மாவின் கிட்னி சிறியது, அந்தச் சுமையும் உண்டு. ஐரோப்பாவில் 1999 முதல் 65 வயதுக்கு மேற்பட்ட இறந்தவர்களின் கிட்னியை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே கொடுக்கும் தனித் திட்டம் நடக்கிறது, காரணம் இதுதான் என்றார். முதியவருக்கு அந்தக் கிட்னியின் ஆயுள் போதும். இளைஞருக்குப் போதாமல் போகலாம்.

ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது தம்பியோடு மட்டும் இல்லை என்று தொடர்ந்தார். தம்பி தயாராகும்வரை, அல்லது பட்டியலில் பெயர் வரும்வரை நீங்கள் இருக்கப்போவது டயாலிசிஸில். ஒவ்வொரு வருடமும் இதயமும் ரத்தக் குழாய்களும் கெடும், மாற்றுக்குப் பிறகான பலனும் குறையும். உயிரோடிருப்பவரின் நல்ல கிட்னி, எடுத்த சிறிது நேரத்தில் பக்கத்து அறையில் உங்களுக்குப் பொருத்தப்படும். ஐஸில் மணிக்கணக்காகக் கிடக்காது, மூளைச்சாவின் அதிர்ச்சியையும் பார்க்காது. 1995-இல் டெரசாகி என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்கப் பதிவேட்டை வைத்து எழுதிய கட்டுரையைச் சொன்னார். திசுப் பொருத்தமே இல்லாத கணவன் மனைவி கிட்னிகள் மூன்று ஆண்டில் 85 சதவீதம் வேலை செய்தன, இறந்தவர்களின் கிட்னிகள் 70 சதவீதம். பெற்றோர் கொடுத்தவை 82. பெற்றோர் என்றால் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள்தானே. உயிரோடிருக்கும் ஆரோக்கியமானவரிடமிருந்து வருவது வயதின் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. அம்மாவுக்கும் அந்த இரவு வந்த டோனருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனால் இரண்டு கிட்னியும் ஒன்றல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்!

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தீர்மானிக்க வைத்தது. 37 வயதில் முதல் மாற்று செய்துகொள்பவர் தன் வாழ்நாளில் இரண்டாவதற்கும் தயாராக இருக்க வேண்டும். அம்மாவால் இப்போது மட்டுமே தர முடியும், பத்து வருடம் கழித்து முடியாது. தம்பியால் பிறகும் முடியலாம். அதனால் பெற்றோரை முதலில், உடன்பிறந்தவரைப் பிறகு என்பது பல டாக்டர்கள் சொல்லும் வரிசை. இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. முதல் கிட்னி செயலிழக்கும்போது உடம்பில் எதிர்ப்பொருட்கள் கூடிவிடும், இரண்டாவது டோனர் பொருந்துவது கடினமாகும். என் ஐ.ஜி.ஏ. நோய் புதுக் கிட்னியிலும் வரக்கூடும். எனவே தம்பியைச் சேமிப்பில் வைத்திருப்பதாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்றார். அப்படி ஓர் எண்ணத்தோடு ஒரு மனிதனைப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டபோது அம்மாவே, "அதைக் கேட்காதே ராசா" என்றார். கேட்டேன். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கிட்னி கொடுத்தவர்களுக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 90 என்று மதிப்பிட்டார்கள். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களுக்கு 14. கூடுகிறது, ஆனாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மேலும் இந்தக் கணக்கு வாழ்நாள் முழுவதற்குமானது. 31 வயதில் கொடுப்பவருக்கு முன்னால் ஐம்பது வருடம் இருக்கிறது, அதற்குள் சர்க்கரையோ அழுத்தமோ வரலாம். 62 வயது வரை எதுவும் வராதவர் அந்தத் தேர்வில் பெரும்பகுதியை எழுதி முடித்தவர் மாதிரி. மாறாக, அறுவையின்போது மயக்க மருந்து, இதயம், நுரையீரல் சார்ந்த கவலை முதியவருக்குக் கூடுதல். அதனால் அம்மாவுக்கு எக்கோவும், ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனையும் பார்த்தார்கள், மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தார்கள். வீட்டில் பெண்கள்தான் முதலில் "நான் தர்றேன்" என்பார்கள். நாட்டில் உயிரோடிருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்களே. அவர்களுக்கான பரிசோதனையில் ஒன்றைக்கூட விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அம்மாவுக்குச் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள், ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிட்டார். வயிற்றுக்குள் ஏற்றிய காற்றினால் தோள்பட்டையில் வலிக்கும் என்பதை முன்பே சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். எனக்குச் சிறுநீர் உடனே வந்தது. கிரியேட்டினின் 9-லிருந்து இறங்கத் தொடங்கி 3, 2.2, 1.8 என்று வந்து 1.6-இல் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். என் வார்டிலேயே 28 வயதுத் தம்பியிடமிருந்து வாங்கிய ஒருவருக்கு 0.9. அவர் மனைவி தினமும் எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவார். எனக்கு 1.6 என்று சொல்லும்போது கூசியது. சித்தப்பா சொன்னது சரிதானோ, அம்மாவை வீணாக அறுத்துவிட்டோமோ என்று ராத்திரி தூக்கம் போனது. மருந்து அளவுகளைப் பார்த்தார்கள், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள், கடைசியில் பயாப்ஸி எடுத்தார்கள். நிராகரிப்பு இல்லை. சில வடிகட்டிகள் தழும்பாகியிருந்தன, சிறு ரத்தக் குழாய்களின் சுவர் தடித்திருந்தது. எல்லாம் 62 வயதின் அடையாளங்கள், அம்மாவிடமிருந்தே கூட வந்தவை.

டாக்டர் ஸ்கேன் தாளை எடுத்துக் காட்டினார். 41 கொடுக்கும் கிட்னி புது இடத்தில் கொஞ்சம் கூடுதலாக உழைத்து ஐம்பதைத் தாண்டியிருக்கிறது, என் உடம்புக்கு அந்த எண் 1.6-ஆகத்தான் தெரியும். இந்தக் கிட்னிக்கு இதுதான் இயல்பு நிலை. இது தெரியாமல் நான் பட்ட வேதனையும், அந்தக் கூடுதல் நாட்களுக்கான மருத்துவமனைச் செலவும் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆகவே முதிய டோனர் என்றால் அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: எனக்குக் கிரியேட்டினின் எவ்வளவில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? பொருத்தும்போதே ஒரு சிறு பயாப்ஸி எடுத்து வைப்பீர்களா? அப்படி எடுத்து வைத்தால், பின்னாளில் பயாப்ஸி எடுக்க நேரும்போது எது டோனரோடு வந்தது, எது புதிதாக வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். பக்கத்துக் கட்டில்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம். உங்கள் எண் உங்கள் பழைய எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு. எனக்கு 1.6 நிம்மதி, 1.9 என்றால் அன்றே ஓட வேண்டும்.

இருப்பு குறைவான கிட்னி என்பதால் அடி படாமல் பார்த்துக்கொள்வதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் 130-க்கும் 80-க்கும் கீழே. டாக்ரோலிமஸ் நிராகரிப்பைத் தடுத்துக் கிட்னியைக் காக்கும் மருந்து, அளவு மிஞ்சினால் அதே கிட்னியைக் கெடுக்கும், முதிய கிட்னியை இன்னும் சீக்கிரம். அதன் அளவுக்கான ரத்தத்தைக் காலை மாத்திரை போடும் முன்தான் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி அளவைத் திரும்பப் பாருங்கள். காய்ச்சலுக்கும் தோலில் படர்தாமரைக்கும் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழமும் ஆகாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியை அம்மாவும் நானும் வாழ்நாளுக்கும் மறந்துவிட்டோம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை, தண்ணீர்ச்சத்து இறங்கினால் முதலில் அடி வாங்குவது இதுதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அறுவைக்கு எட்டு லட்சத்துக்கு மேல் ஆனது, மில்லின் காப்பீடு ஐந்து லட்சம் கொடுத்தது. டோனரின் அறுவைச் செலவை அது ஏற்றது, அம்மாவின் முன்பரிசோதனைகளையும் பின்னால் வந்த சோதனைகளையும் ஏற்கவில்லை. பாலிசியில் அந்த வரியை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். மனைவியின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. முதல் மாதங்களில் மருந்துக்கே பதினைந்தாயிரத்துக்கு மேல் போனது, இப்போது குறைந்திருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்றும் அடங்கும். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் மாற்று அறுவை நடக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் சிறுநீரகச் செயலிழப்புச் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம்.

அம்மாவுக்கு இப்போது கிரியேட்டினின் 1.1. ஒற்றைக் கிட்னிக்கு அது சரியான எண் என்கிறார் டாக்டர். கொடுத்தவர்களை யாரும் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை, அறுவை முடிந்ததும் எல்லோர் கண்ணும் வாங்கியவர் மேல்தான். அதனால் என் பரிசோதனை நாளிலேயே ஆண்டுக்கு ஒரு முறை அவருக்கும் அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் மூன்றையும் பார்த்து, இரண்டு பேர் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். தம்பியைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டோனர் ஆவதற்காக இல்லை. ஐ.ஜி.ஏ. நோய் சில குடும்பங்களில் உடன்பிறந்தவர்களுக்கும் வரும் என்பதால் தம்பிக்கு ஆண்டுதோறும் புரதமும் ரத்த அணுவும் பார்க்க வேண்டும். அவன் மனைவிக்கு அந்தத் தேவை இல்லை, "அவர் தனியாப் போனா ரிப்போர்ட்டை வாங்காமலே வந்துருவாரு மாமா, நானும் வர்றேன்" என்று அவளாகவே சொன்னாள். அடுத்த பரிசோதனைக்கு நான்கு பேரும் சேர்ந்துதான் போகிறோம்.